உள்ளே ஒன்றும் இல்லை

"நம்ம கேம்ல ஏதோ ரகசிய அறை இருக்காமே? உள்ள ஒரு ஆள் இருக்கானாம், பார்த்தவங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்களாம். உனக்குத் தெரியுமா?" என்று முதலாளி கேட்டபோது, டிசைனரின் வாயில் இருந்த காபி உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"தெ... தெரியாது சார்."

"கோட்டை முழுக்க நீதானே கட்டினே?"

"கோட்டை பெருசு சார்."

தெரியாமல் என்ன? லீவு கேட்டுக் கிடைக்காத ஒரு மத்தியானம், வந்த ஆத்திரத்தில் கோட்டையின் நிலவறையில் ஓர் அறை கட்டி, அதற்குள் ஒரு பூதத்தை உட்கார வைத்தவரே அவர்தான். பூதத்துக்கு முதலாளியின் தொப்பை, முதலாளியின் வழுக்கை. தலையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், "சுருக்கமாச் சொல்றேன்..." என்று முதலாளி மாதிரியே ஆரம்பித்து, விளையாடுகிறவர் தூங்கி விழும்வரை பேசும். எவனும் எட்டிப் பார்க்காத மூலை என்று நினைத்திருந்தார்.

"அடுத்த கேமுக்குத் தலைமை டிசைனர் யாருன்னு வெள்ளிக்கிழமை சொல்லிடறேன்" என்று முதலாளி எழுந்தார். "அநேகமா நீதான். அதுக்குள்ள அந்த அறையை நானே கண்டுபிடிக்கிறேன் பாரு."

அந்தப் பதவிக்காகத்தான் டிசைனர் இத்தனை வருஷமாக அந்தச் 'சுருக்கமா'வை முழு நீளத்துக்கும் கேட்டு வந்திருக்கிறார். விடுவாரா? தன் இடத்துக்கு ஓடினார். மூக்குக்கண்ணாடியைக் காணோம். மேசை, டிராயர், குப்பைக்கூடை எல்லாவற்றையும் துழாவினார்.

"நெத்தியில சார்" என்றாள் பக்கத்து மேசை டெஸ்டர் பெண். கேமை விளையாடிப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்ணாடியைக் கண்டுபிடித்துத் தருவது அதோடு ஒட்டிக்கொண்ட வேலை.

முதலில் அறையை அழித்துப் பார்த்தார். அழித்ததும் கதாநாயகனின் கால்சட்டை காணாமல் போயிற்று. எதை எதோடு முடிச்சுப் போட்டுத் தொலைத்தோம் என்று அவருக்கே நினைவில்லை. இளவரசி கண்ணை மூடிக்கொள்வதற்குள் அறையைத் திரும்ப வைத்தார்.

சரி, வாசலை அடைத்து ஒரு சுவர். மறுநாள் காலையில் விளையாடுகிறவர்கள் கமெண்டில் கத்திக்கொண்டிருந்தார்கள்: 'நேத்து வரைக்கும் இல்லாத சுவர்! பின்னால என்னமோ இருக்கு!' ஒரு கூட்டம் சம்மட்டியோடு வந்து நின்றது.

சுவரை எடுத்துவிட்டு இரும்புக் கதவும் பூட்டும் போட்டார். சாவி என்று ஒன்று செய்யவே இல்லை. இல்லாத சாவிக்காக ஜனங்கள் கேமில் இருந்த கிணறுகளை எல்லாம் இறைத்தார்கள், கோழிகளைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார்கள்.

வெறுத்துப்போய், கதவில் 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று பலகை மாட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் வரிசை கோட்டையைத் தாண்டி ஆற்றங்கரை வரை நின்றது.

"பிரமாதம்!" என்று முதலாளி அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "எவன் செஞ்சானோ, ஒளிக்கிறதுன்னா இப்படி ஒளிக்கணும்யா! முழுசா மறைச்சா எவன் தேடுவான்? அரைகுறையா மறைச்சாத்தான் தேடுவான். சுருக்கமாச் சொல்றேன்..."

அன்றைக்கு டிசைனருக்குச் சாப்பாட்டு நேரம் போயே போயிற்று.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். "நீ என்கிட்ட எதையாவது மறைக்கணும்னா எங்க வைப்பே?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் யோசிக்கவே இல்லை. "அழுக்குத் துணிக் கூடையில."

"ஏன்?"

"கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க அந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்திருக்கீங்களா?"

"அடிப்பாவி! இப்ப அதுல என்ன இருக்கு?"

"போய்ப் பார்த்துக்குங்க."

அவர் போகவில்லை. ஆனால் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது.

மறுநாள் முதல் வேலையாகப் பூதத்தை அறையோடு பெயர்த்து, திரையின் மேல் மூலையில் இருந்த 'விதிமுறைகள்: முழுவதும் படிக்கவும்' என்ற பட்டனுக்குள் வைத்தார். கால்சட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. பழைய அறையைக் காலியாக, அகலத் திறந்து போட்டார். ஜனங்கள் எட்டிப் பார்த்து, "சே!" என்று கலைந்தார்கள். பட்டனை ஒருவர்கூடத் தொடவில்லை. அதை உலகத்தில் எவன் தொட்டிருக்கிறான்? டிசைனர் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை முதலாளி எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். பெரிய திரையில் கேம் ஓடிக்கொண்டிருந்தது.

"அறையைக் கண்டுபிடிச்சுட்டேன்! முதல்ல எல்லாரும் பாருங்க, அப்புறம் தலைமை டிசைனர் பேரைச் சொல்றேன்."

டிசைனர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். வந்த அவசரத்தில் கண்ணாடி வேறு எங்கேயோ போய்விட்டது. திரை மங்கலாகத் தெரிந்தது. கதாநாயகன் எதன் எதிரிலோ நிற்கிறான். அம்புக்குறி மேலே, மேலே, அந்தப் பாழாய்ப்போன பட்டன் பக்கமாகவே போகிறது.

முதலாளி அதற்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "என்ன முகஜாடை! அச்சு அசல்!"

"அழுத்தாதீங்க சார்!" டிசைனர் பாய்ந்து மவுஸைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க! அந்தப் பூதம் நீங்கதான். லீவு தரலைங்கிற கோவத்துல செஞ்சுட்டேன். தொப்பை, வழுக்கை, சுருக்கமாச் சொல்றேன்னு மணிக்கணக்கா அறுக்கிறது, எல்லாம் நீங்கதான். விதிமுறைப் பட்டனுக்குள்ள ஒளிச்சு வச்சதும் நான்தான்!"



"பூதமா?" என்றார் முதலாளி. கை தானாக வழுக்கையைத் தடவியது. "நானா?"

அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க டிசைனர் அவசரமாகக் கண்ணாடியைத் தேடினார். சட்டைப்பையைத் தடவினார், நாற்காலிக்கு அடியில் குனிந்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

டெஸ்டர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ சார்! ஊரே பார்த்துச் சிரிச்சது நான் குதிரை லாயத்துக்குப் பின்னால கட்டின அறையை. நெத்தியில கண்ணாடியை ஏத்திக்கிட்டு, அதையே கோட்டை முழுக்கத் தேடுற ஒரு ஆள்தான் சார் அதுக்குள்ள இருக்கறது!"