லைட்டு அண்ணன் எடுத்த இரண்டு நிமிட வீடியோ

காரைக்குடி வட்டாரத்தில் இருபது வருடத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் தாலி கட்டும் வீடியோவில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பார்கள். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனைக்கும் ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவர் பெயர் லைட்டு.

சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்காவது தெரியுமா என்பது சந்தேகம். வீடியோகாரர் பக்கத்தில் ஆயிரம் வாட்ஸ் விளக்கை ஒற்றைக் கையில் தூக்கிப் பிடித்து நிற்பதுதான் அவருக்குத் தொழில். அவர் மண்டபத்துக்குள் நுழைந்தால் பந்தியில் வைத்த அப்பளம் மறுபடி ஒருமுறை பொரியும் என்பார்கள். விளக்குக்குப் பின்னால் நின்றவரை எவரும் பார்த்ததில்லை. அவர் மட்டும் முப்பது வருடம் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அதனால் வந்த வினை, அவரால் ஒரு முகத்தைச் சும்மா விட முடியாது. ஒருநாள் ஹெல்மெட் இல்லாமல் போனதற்கு இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.

"ஹெல்மெட் எங்கய்யா?"

"வீட்டுல இருக்குங்கய்யா. நீங்க செத்த இங்குட்டுத் திரும்பி நில்லுங்க. இடது பக்கம் வெயில் விழுந்தா ஒங்களுக்கு மூக்கு நல்லா எடுப்பா இருக்கு."

இன்ஸ்பெக்டர் அபராதம் போடாமல் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமாகத்தான் நிற்கிறார் என்பது ஊர்ப் பேச்சு.

எல்லோர் கையிலும் போன் வந்ததும் கல்யாண விளக்குக்கு வேலை குறைந்தது. லைட்டுக்கு வேலை கூடிப்போனது. மானகிரியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தான் உயிரோடு இருப்பதைப் பென்ஷனுக்காக முகம் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் முயன்றும் போன் அதை ஏற்கவில்லை. நாலாம் நாள் வாத்தியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது. லைட்டு போனார், நாற்காலியை ஒன்றரை அடி நகர்த்தினார், ஒரு ஜன்னல் கதவைத் திறந்தார், வாத்தியார் மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தார். "இப்ப எடுங்க" என்றார். அடுத்த நொடியில் வாத்தியார் உயிரோடு இருந்தார்.

இப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக்கு வந்தது என் மாமனாரால். மாமனார் தேவகோட்டை லைனில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். கண்டனூரிலிருந்து பிசியோதெரபி செய்ய தினம் வந்த தேவி என்கிற பெண்தான் அவரை மறுபடி நடக்க வைத்தாள்.

அந்தத் தேவிக்குக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேற்பயிற்சிக்கு இடம் கிடைக்கிற மாதிரி இருந்தது. பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவளால் குணமான ஒருவர் வீட்டிலிருந்தே அவளைப் பற்றிப் பேசும் இரண்டு நிமிட வீடியோ. முகமும் குரலும் தெளிவாக இருக்க வேண்டும். முந்தின தடவை அவள் அனுப்பியதை, ஒன்றும் தெரியவில்லை, கேட்கவில்லை என்று தள்ளிவிட்டார்கள். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அனுப்ப இரண்டே நாள் பாக்கி.

முதலில் நானே எடுத்தேன். ஜன்னலுக்கு முன்னால் மாமனாரை உட்காரவைத்தேன். போட்டுப் பார்த்தால், டி.வி. செய்தியில் அடையாளம் மறைக்கப்பட்ட சாட்சி மாதிரி ஒரு கறுப்பு உருவம், மிக்ஸி குரலில் பேசிக்கொண்டிருந்தது. உடனே லைட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

காலை பத்து மணிக்கு மொபெட்டில் ஒரு ஜமுக்காளம், இரண்டு வெள்ளை வேட்டிகளோடு வந்து இறங்கினார். நுழைந்ததும் கையைத் தட்டினார். கூடம் திருப்பித் தட்டியது.

"தரைல ஆத்தங்குடிக் கல்லு, வெறுஞ் சுவரு. நாம ஒண்ணு பேசுனா வீடு ஒம்போது பேசும்" என்று எதிர்ச்சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார். மின்விசிறி நின்றது. பிரிட்ஜ் நின்றது. சுவர்க்கடிகாரம் கழற்றப்பட்டு பீரோவுக்குள் போனது. மாமனாரை ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் உட்காரவைத்தார். மறுபக்கக் கன்னத்து இருட்டுக்கு, வெளிச்சம் பட்டுத் திரும்புகிற மாதிரி இன்னொரு நாற்காலியில் வேட்டியை விரித்துக் கட்டினார். என் போனை வாங்கி, லென்ஸைத் துடைத்து, "கண்ணாடில இம்புட்டு எண்ணெய். இதுல கடுகு தாளிக்கலாம் தம்பி" என்றார். பிறகு அரிசி டின்மேல் இட்லிக் கொப்பரை, அதன்மேல் தடித்த அகராதி என்று அடுக்கி, மாமனாரின் கண் உயரத்துக்குப் போனைப் படுக்கை வாக்கில் நிறுத்தினார். திரையைப் பார்த்தேன். இருபது வருடமாகத் தினமும் பார்க்கும் மனிதர், அத்தனை அழகாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்து "நெத்திலி, சீலா, நண்டேய்" என்று தெருவில் மீன் ஆட்டோ. லைட்டு வெளியே போனார். ஒலிபெருக்கி நின்றது. திரும்பும்போது மீன்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வேட்டி சரிகிறதாம், பிடிக்க ஆள் வேண்டுமாம்.

எல்லாம் தயார். இனி மாமனார் பேச வேண்டும். சிக்கலே அங்கேதான். அவர் யாரையும் பாராட்டியதில்லை. அவரிடம் கிடைக்கிற மிகப் பெரிய விருது "கேடில்ல" என்பதுதான். வாய்விட்டு நல்லா இருக்கு என்றால் கண் பட்டுவிடும் என்பது அவர் கட்சி.

"மாமா, தேவியப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

"வரும். காலப் புடிச்சு முறுக்கும். போயிரும்."

"நல்லதா நாலு வார்த்தை…"

"நல்லாருக்குற புள்ளைய நல்லாருக்குன்னு சொல்லி, நான் எதுக்குக் கெடுக்கணும்?"

ஏழு தடவை எடுத்தோம். ஏழிலும் கல் முகம். மீன்காரருக்குக் கை கடுத்தது. லைட்டு மட்டும் மாமனார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை விலக்கிவிட்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, நல்லது ஒண்ணும் வேணாம். அந்தப் புள்ளைகிட்ட என்ன குத்தம்? அதச் சொல்லுங்க."

மாமனார் நிமிர்ந்தார். "குத்தமா? ஒண்ணா ரெண்டா? நாலு மணின்னா நாலு மணிக்கு வந்து நிக்கும். பேய்மழை பெய்யுது, அன்னைக்காவது விட்டுச்சா? நனைஞ்சுக்கிட்டு வருது. வலிக்குதுன்னு கத்துறேன், கேக்கல. கெட்ட வார்த்தைல வஞ்சேன், அதுக்கும் சிரிக்குது. அப்புறம் ஒருநா நானா எந்திரிச்சு, நானா கக்கூசுக்குப் போயிட்டு, நானா திரும்பி வாரேன். இது வாசல்ல நின்னு அழுதுக்கிட்டு இருக்கு. படிச்ச புள்ள… நோயாளி முன்னாடி அழலாமா? என்னையவும்ல அழ வச்சுப்புடுச்சு."

அதோடு நிறுத்திவிட்டார். போனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நான் போனை அணைக்கக் கை நீட்டினேன். லைட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பத்து வினாடி இருக்கும். மாமனாரின் உதடு லேசாக ஆடியது. "போயிட்டா அங்க நேரத்துக்குச் சாப்புடுமோ என்னமோ" என்றார்.

"போதும்ணே" என்றார் லைட்டு. மீன்காரர் கையில் பிடித்திருந்த வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் மொபெட்டை உதைக்கும்போது லைட்டு சொன்னார்: "கண்ணு படும்கிறதெல்லாம் சாக்கு தம்பி. நல்லாச் சொன்னா அந்தப் புள்ள கெளம்பிப் போயிருமேன்னு அவருக்குப் பயம். பொண்ண அனுப்புற தகப்பன் மூஞ்சி அது. நான் எத்தன பாத்திருப்பேன்."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை.

வீடியோவை அப்படியே அனுப்பினோம். தேவிக்கு இடம் கிடைத்தது. மாமனார் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு கோயம்புத்தூர் போனாள். அதன் பிறகு மாமனார் நடக்க மறுத்தார். நாலு மணியானால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நான் சொல்லிப் பார்த்தேன், என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள். அசையவில்லை.

நாலாம் நாள் சரியாக நாலு மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. லைட்டு போனும் கையுமாக உள்ளே வந்தார். "அண்ணே, கோயம்புத்தூர்லேர்ந்து அந்தப் புள்ள கேக்குது. நீங்க நடக்குறத தெனம் வீடியோ எடுத்து அனுப்பணுமாம். எந்திரிங்க. கூடத்துல அந்தத் தூண் வரைக்கும் நடந்து வாங்க."

மாமனார் எழுந்தார். சட்டை மாற்றி, தலை சீவிக்கொண்டு, பஸ்ஸை வளைவில் திருப்புகிற கவனத்தோடு நடந்தார். அன்றிலிருந்து தினமும் இது நடக்கிறது.

சென்ற வாரம் தேவியிடம் பேசும்போது இதைச் சொன்னேன். அப்படி எதுவும் தான் கேட்கவில்லையே என்றாள். மறுநாள் லைட்டு அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். போன் திரை அணைந்து கறுப்பாக இருந்தது. அவரோ இன்னும் ரெண்டடி, இன்னும் ரெண்டடி என்று பின்னால் நடந்துகொண்டே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே போய், நாலு மணிக் காபி இனிமேல் லைட்டு அண்ணனுக்கும் சேர்த்து என்று மனைவியிடம் சொன்னேன்.