முப்பது வருட வேட்டைக்காரி

“ஹாங்க், உங்கள் கட்டுரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் மரத்தில் ஏறி இருந்து எழுதிய மாதிரித் தெரியவில்லையே!”

கிளேற்றன் அனுப்பிய மின்னஞ்சலின் முதல் வரியை றுஸ்தா இரண்டு தடவை வாசித்தாள். அவருக்கு எப்படித் தெரியும்? ஹாங்க் என்பவர் அமெரிக்காவில், மொன்டானா மலைநாட்டில், முப்பது வருடமாக வில்லும் அம்புமாக மான் வேட்டையாடுகிறவர். அவர் பெயரில் எழுதும் றுஸ்தாவோ கல்முனைக்குடியில், குசினிக்குப் பக்கத்து அறையில், தையல் மெசினுக்கு மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருக்கிறவள். வில்லை அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

கிளேற்றன் வேட்டைச் சாமான்களுக்கென்று ஓர் இணையத்தளம் நடத்தினார். கட்டுரையை வாசித்தவர்கள் அதன் வழியாகச் சாமான் வாங்கினால் அவருக்குத் தரகு. ‘அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்று அவர் விளம்பரம் போட்டபோது, ஆங்கில டிப்ளோமாவோடு வேலை தேடி அலுத்துப்போயிருந்த றுஸ்தா, ஹாங்க் என்று ஒருவரைப் படைத்து விண்ணப்பித்துவிட்டாள். கூடாரம், சப்பாத்து, கத்தி என்று எழுதும்வரை வண்டி ஓடியது. இப்போது வந்த தலைப்புத்தான் கழுத்தைப் பிடித்தது: வில்வேட்டைக்குக் கோணம் கழித்துத் தூரம் சொல்லும் கருவியை எப்படித் தெரிவுசெய்வது?

இது சரிவந்தால் நிரந்தர வேலை. சரிவராவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம். சொந்தமாக அளந்து பார்த்த அனுபவத்தைச் சேர்த்து எழுதும்படி மின்னஞ்சல் முடிந்திருந்தது.

“அதென்ன சாமான் மச்சான், கோணம் கழிக்கிற?” என்று கணவன் பஸாலிடம் கேட்டாள். அவன் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தான். இயந்திரம் எதுவென்றாலும் தனக்குத் தெரியும் என்பது அவன் நினைப்பு.

“எனக்கிட்டக் கேக்கிற? எழுதினது நீதானே!”

“எழுதினன். விளங்கி எழுதல்ல.”

விளங்கித்தான் ஆகவேண்டும் என்று, கட்டி முடியாத மேல்மாடித் தட்டில் ஏறினாள். தட்டின் விளிம்பிலிருந்து எதிர்ப்புறத் தென்னையின் அடிவரை சரிவாக ஒரு கயிறு. நிலத்தில், அதே தென்னையிலிருந்து சுவரடிவரை நேராக இன்னொரு கயிறு. மேலே இருந்து கண்ணால் அளந்தால் சரிவுக் கயிற்றின் நீளம்தான் வரும். ஆனால் அம்பு தாழ்ந்து விழும் கணக்கு நிலத்துக் கயிற்றைப் பொறுத்தது. சரிவை நம்பிக் குறிவைத்தால் அம்பு மானின் முதுகுக்கு மேலால் போய்விடும். அந்த வித்தியாசத்தைக் கழித்துச் சொல்வதுதான் கருவியின் வேலை.

இரண்டு கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். வித்தியாசம் ஒரு முழம்.

கீழே ஈர உடுப்புக் கூடையோடு நின்ற உம்மா கைருன்னிஸா நிமிர்ந்து பார்த்தார். “இந்த ஒரு முழத்துக்கா மகள் காலையில இருந்து உடுப்புக் கொடிய அவிட்டு வெச்சிரிக்காய்?”

றுஸ்தாவுக்கு உச்சி குளிர்ந்தது. தன் கண்ணால் கண்ட உண்மை ஒன்று முதல்தடவையாகக் கையில் கிடைத்திருந்தது. அதை அப்படியே எழுதினாள்: ‘சமதரையில், சாதாரண உயரமுள்ள மரத்திலிருந்து வேட்டையாடுகிறவருக்குக் கோணத்தால் பெரிய வித்தியாசம் வராது. மலைச்சரிவில் வேட்டையாடுகிறவருக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். மற்றவர்கள் மங்கல் வெளிச்சத்தில் இலக்கம் தெளிவாகத் தெரிகிறதா, முன்னுக்கு நிற்கும் புல்லை விட்டுப் பின்னுக்கு நிற்கும் மானை அளக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.’

கிளேற்றன் துடித்துப்போனார். “ஹாங்க்! இதை வாசித்தவன் ஒன்றும் வாங்காமல் போய்விடுவான். நீங்கள் மலைநாட்டு ஆள்தானே? மலையில் ஏறி அளந்து எழுதுங்கள்.”

கல்முனையில் உயரம் என்றால் தென்னை மரமும் பள்ளிவாசல் மினாராவும்தான். யோசித்துப் பார்த்த றுஸ்தா, ‘முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது, மலை ஏற வைத்தியர் விடுகிறார் இல்லை’ என்று பதில் அனுப்பினாள்.

“முழங்காலுக்கு வருந்துகிறேன்,” என்று உடனே பதில் வந்தது. “மலை வேண்டாம். மரத்துப் பரணில் வில்லோடும் கருவியோடும் நீங்கள் இருக்கும் படம் ஒன்று போதும். தூரத்தில் மான் நின்றால் இன்னும் நல்லது.”

“இப்ப என்னகா செய்யிற?” என்றான் பஸால்.

“நீங்கதான் ஹாங்க்.”

“நானா?”

“முகம் தெரியாது மச்சான். முதுகு மட்டும்தான்.”

முதுகு மட்டும் என்றதும் பஸாலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தண்ணிக் குழாயை வளைத்து, படத்தில் இருந்த வில்லைப்போலவே, கடையில் கழித்துப்போட்ட இரண்டு சின்னச் சில்லுகளை முனைகளில் பூட்டி, பிறேக் கம்பியை நாணாகக் கட்டினான். வில் வந்துவிட்டது. பழைய பைனாகுலரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குக் கறுப்பு ஒட்டுநாடா சுற்றினான். கருவி வந்துவிட்டது. மானுக்குத்தான் வழியில்லை. கடைசியில் இருவரும் கொல்லையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உள்ஹிய்யாவாக அறுத்துக் கொடுக்கவென்று உம்மா வளர்த்த கிடாய் பலாயிலை தின்றுகொண்டு நின்றது.

உம்மா பகல் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, கிடாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நற்பிட்டிமுனைக்குப் போனார்கள். அங்கே றுஸ்தாவின் வாப்பாவின் தம்பி ஜவுபர் சாச்சாவுக்கு வயல் இருந்தது. வயலுக்கு நடுவே, மருதமரத்தில் ஒரு காவல் பரணும் இருந்தது.

“என்ன புள்ள இது?” வரம்பில் நின்ற ஜவுபர் சாச்சா வாயைப் பிளந்தார்.

“ஒரு போட்டோ எடுக்கத்தான் சாச்சா. ஒரு நிமிசம்.”

“போட்டோக்கு ஆடு என்னத்துக்கு? அதுட தலையில என்ன முருங்கைக் கொப்பு?”

“அது கொம்பு சாச்சா.”

“அதுக்குக் கொம்பு இரிக்கிதானே!”

“அமெரிக்கா மானுக்குக் கிளைக்கொம்பு.”

ஜவுபர் சாச்சா அதற்குமேல் கேட்கவில்லை. படித்த பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார்.

பஸால் தொப்பியைக் கவிழ்த்துப் போட்டு, மழைக்கோட்டு மாட்டி, பரணில் குந்தினான். கிடாய் தூரத்து வரம்பில் ஒரு முளையில் கட்டப்பட்டது. றுஸ்தா பின்னால் மரக்கவட்டில் தொற்றிக்கொண்டு படம் எடுத்தாள். “வில்ல இன்னும் இழுங்க மச்சான்... இன்னும்...” பிறேக் கம்பி ‘டங்’ என்று அறுந்தது. அந்தச் சத்தத்தில் கிடாய் வெருண்டு, முளையைப் பிடுங்கிக்கொண்டு, கதிர் பொதிந்து நின்ற நெல் வேளாண்மைக்குள் பாய்ந்தது.

“என்ட வெள்ளாமை!” என்று சாச்சா அலறினார்.

கிடாய்க்குப் பின்னால் சாச்சா, சாச்சாவுக்குப் பின்னால் பஸால், கையில் வில். பக்கத்து வயல்காரர்கள் வரம்புகளில் கூடிவிட்டார்கள். றுஸ்தாவும் பஸாலும் வீட்டுக்குத் திரும்புமுன்பே செய்தி கல்முனைக்குடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. உம்மா வாசலில் போனோடு நின்றார்.

“மருமகன், ஊரெல்லாம் போன் எடுத்துக் கேக்கிறாங்க, உள்ஹிய்யா ஆட்ட அம்பால அடிச்சா ஹலாலா ஹறாமா எண்டு! நான் என்ன பதில் செல்லுற?”

“சும்மா போட்டோக்கு மாமி...” பஸாலின் கால் முழங்கால்வரை சேறு.

உம்மா மகள் பக்கம் திரும்பினார். “இஞ்ச பாரு மகள். நீ முப்பது வருசம் வேட்டையாடினதா எழுதிரிக்காயாம். நீ பொறந்தே இருபத்தேழு வருசம். மிச்சம் மூணு வருசத்தையும் என்ட வயித்துக்குள்ள இருந்தா வேட்டையாடினாய்? பொய் செல்லிச் சம்பாதிக்கிற காசி ஒட்டுமா புள்ள?”

உம்மா சொன்னது சரியென்று றுஸ்தாவுக்கே பட்டது. இந்த ஒரு கட்டுரை போகட்டும், நிரந்தரமானதும் சொந்தப் பெயரில் எழுதக் கேட்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கம்பி அறுவதற்கு முன் எடுத்த படத்தை அனுப்பினாள்.

படம் இணையத்தளத்தில் ஏறியது. கிளேற்றனுக்குப் பரம சந்தோசம். அந்தச் சந்தோசம் வாசகர்கள் வாயைத் திறக்கும்வரைதான் நின்றது.

‘மானின் கொம்பில் இலை துளிர்த்திருக்கிறதே?’ என்று ஒருவர் எழுதினார். ‘இது ஆடு’ என்று இன்னொருவர். ‘ஆடு இருக்கட்டும், மொன்டானாவில் எப்போது நெல் விதைத்தார்கள்?’ என்று மூன்றாமவர்.

கிளேற்றனிடமிருந்து ஒரே வரி வந்தது: “ஹாங்க், இது எந்த இடம்?”

றுஸ்தா நகத்தைக் கடித்தாள். “நெல்ல மறைக்க ஏலா மச்சான். இடத்த மாத்திச் செல்லிருவம்.” மளமளவென்று எழுதினாள்: ‘உண்மையைச் சொன்னால், இது நான் ஓய்வுக்காக ஆசியாவுக்குப் போயிருந்தபோது எடுத்த படம். இலங்கை என்று ஒரு நாடு. அங்கே ஆடுகள் இப்படித்தான்.’

வழக்கமாக உடனே பதில் போடுகிற மனிதர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “இலங்கையில் எந்தப் பக்கம்?”

‘கிழக்குக் கரை. சின்ன ஊர். பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது.’

இந்தத் தடவை பதில் பறந்து வந்தது. “உங்களோடு இப்பவே பேசவேண்டும். காணொளி வேண்டாம். குரல் போதும்.”

அறைக்குள் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எதுக்கும் கலங்காத உம்மாகூட அகப்பையோடு வந்து கதவடியில் நின்றார்.

“அவனுக்குத் தெரிஞ்சி போச்சி மச்சான். பொலிசுக்கும் போவானோ தெரியா.”

“நான் என்னத்தக் கதைக்கிற? எனக்கு இங்கிலீசு ‘யெஸ்’சும் ‘ஓகே’யும்தானே!”

“நான் எழுதிக் காட்டுறன், நீங்க வாசிங்க. தடிமன் புடிச்ச மாதிரி மூக்கால கதைங்க.”

மணி அடித்தது. பஸால் பிஸ்மி சொல்லிக்கொண்டு பட்டனை அழுத்தினான். ஸ்பீக்கரைப் போட்டார்கள்.

“ஹலோ. ஹாங்க் ஸ்பீக்கிங்,” என்றான் மூக்கால்.

மறுபக்கத்தில் தொண்டையைச் செருமும் சத்தம். “ஹலோ ஹாங்க். திஸ் இஸ்... கிளேற்றன்.” குரல் அமெரிக்கப் படத்தில் வரும் குதிரைக்காரனைப்போல இழுத்து இழுத்துப் பேசியது. “ஹவ் இஸ் யுவர்... முழங்கா... நீ? யுவர் நீ?”

றுஸ்தா அட்டையில் எழுதிக் காட்டினாள். பஸால் வாசித்தான். “நீ இஸ் வெரி குட். தேங்க் யூ. ஹவ் இஸ் வெதர் இன் அமெரிக்கா?”

“வெரி... வெரி ஸ்நோ,” என்றார் கிளேற்றன்.

பஸால் மனைவியைப் பார்த்தான். மனைவி உம்மாவைப் பார்த்தாள். கிளேற்றன் பக்கத்தில் ஒரு கோழி கொக்கரித்தது. கதவு ஒன்று படாரென்று திறபட்டது. அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் குரல் அறை முழுக்க நிறைந்தது:

“டேய் ஜனுசன்! வெள்ளக்காரன் மாதிரிக் கதைச்சது போதும், கல்முனை பஸ் வெளிக்கிடப் போகுது, ஓடி வந்து இந்த மீன்பெட்டியத் தூக்கி ஏத்துடா!”