மூன்று பழைய மெயில்களும் இருபத்திரண்டு கம்ப்யூட்டர்களும்

ராத்திரி வேலை செய்கிறவனைப் பார்த்து உலகம் பரிதாபப்படுகிறது. படட்டும். அந்தப் பரிதாபத்தில்தான் பதினோரு வருடமாக என் வண்டி ஓடியது.

தி.நகரில் ஓர் அலுவலகம். என் மனைவி ரோஸி அங்கே பகல் ஷிஃப்ட், நான் ராத்திரி. சாந்தோமில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே போவாள், நான் உள்ளே வருவேன். எங்கள் இல்லறம் பெரும்பாலும் வாசற்படியில்தான் நடந்தது.

"இந்தத் தடவையாவது பகல் ஷிஃப்ட் கேட்டீங்களா?"

"கேட்டேன் ரோஸி. தர மாட்டேங்கிறாங்க."

"நல்லா இருப்பாங்களா அவங்க!" என்று மாதாவுக்கு இன்னொரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வாள்.

உண்மை வேறு. மேனேஜர் பிரசாத் மூன்று முறை தானாகவே பகல் ஷிஃப்ட் தருவதாக மெயில் போட்டார். மூன்று முறையும் வேண்டாம் என்று பதில் எழுதியது நான்தான். யாருமில்லாத ஹாலில், ஏசி மட்டும் முனகும்போது, தனியாக உட்கார்ந்து துக்கப்படுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பகலில் துக்கப்பட்டால் ஆளாளுக்குக் காரணம் கேட்பார்கள்.

அந்த மூன்று பதில்களும் மூலைக் கம்ப்யூட்டரில் கிடந்தன. எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சொந்த நாற்காலி கிடையாது. எது காலியோ அதில் உட்கார வேண்டியது. பழைய மெயில் மட்டும் ஆளோடு நகராது. உட்கார்ந்த கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். பகல் ஷிஃப்ட் ரெனிட்டாவின் போன வருட மெயில் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில். முந்தின வருடத்தது ஜன்னலோரத்தில். அதைத் தேடி அவள் நாலு பேரை நாற்காலியிலிருந்து எழுப்புவாள்.

ஒருநாள் பிரசாத் போனில் கூப்பிட்டார். "லாசர், எல்லார் பழைய மெயிலையும் சர்வர்ல ஏத்திடுங்க. யார் எங்க உக்காந்தாலும் அவங்களுது அவங்களுக்கு வரணும்."

சர்வரில் ஏறினால் அவை ரோஸி உட்காரும் கம்ப்யூட்டரிலும் திறக்குமே. அந்த மூன்றையும் முதலில் ஒழித்துவிடுவது என்று சபதம் எடுத்தேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவனில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றவன். நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான்: எதையும் அழிக்குமுன் நகல் எடு. எடுத்தேன். என் பழைய மெயில் மொத்தத்தையும் சர்வரில் நகலாக வைத்துவிட்டு, மூலைக் கம்ப்யூட்டரில் இருந்த மூன்றையும் அழித்தேன். பிறகு மற்றவர்களுடையதை ஏற்றினேன். சரியாக வருகிறதா என்று சோதிக்க வேண்டாமா? என்னுடையதையே இருபத்திரண்டு கம்ப்யூட்டரிலும் திறந்து பார்த்தேன். இருபத்திரண்டிலும் வந்தது! சந்தோஷம் எனக்குப் பழக்கமில்லை. தலைகால் புரியாமல் அத்தனையையும் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

சாயங்காலம் எழுந்தால் வஞ்சிரம் வறுபடும் வாசனை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாங்கும் வஞ்சிரம், செவ்வாய்க்கிழமையில். பயமாகிவிட்டது.

"இன்னா ரோஸி விசேஷம்?"

"ஒண்ணுமில்லீங்க. காலைல ஆபீஸ் போனா எந்தக் கம்ப்யூட்டரைப் பாத்தாலும் நீங்கதான் நிக்கிறீங்க."

"நானா?"

"உங்க மெயிலு. ரெனிட்டா சத்தமாப் படிச்சா. புரியாதவங்களுக்குத் தமிழ்ல வேற சொன்னா. 'ராத்திரியில் தனியாக இருப்பதுதான் என் மனைவிக்கு நிம்மதி. அவள் விருப்பத்தை மீற எனக்கு மனம் வரவில்லை.'"

"அது... ஒரு பேச்சுக்கு..."

"எத்தினி மெழுகுவர்த்தி! மாதா என்னைப் பத்தி இன்னா நெனச்சிருப்பாங்க?"

"நான் பிரசாத்கிட்ட பேசிடறேன்."

"நான் பேசிட்டேன். 'எனக்காக மூணு தடவை விட்டுக்குடுத்திருக்காரு சார், தங்கமான மனுஷன். இப்ப என் விருப்பம் மாறிடுச்சு'ன்னு மெயில் போட்டேன். சாருக்குக் கண்ணே கலங்கிடுச்சாம்."

நான் எழுதியது பொய் என்றால் வீட்டிலும் ஆபீசிலும் அயோக்கியன். நிஜம் என்றால் பகல் ஷிஃப்ட். மீனை விழுங்கினேன்.

"எப்போலேர்ந்து?"

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு."

கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தேன். "காலைல ஒரு நாற்காலிகூட காலியா இருக்காதே ரோஸி. நான் எங்க உக்கார்றது?"

இன்னொரு துண்டைத் தட்டில் வைத்தாள்.

"என் பக்கத்து நாற்காலில கர்சீப் போட்டுட்டு வந்திருக்கேன்."