கிராணி பெயரில் பறந்த என் விமானம்

கோபம் வந்தால் எனக்கு மூளை நின்றுவிடும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பொய். மற்ற நேரங்களில் சும்மா கிடக்கும் என் மூளை, கோபம் வந்தால்தான் எழுந்து உட்கார்ந்து வேலை பார்க்கும். போலீஸ் தேடவே தேடாத ஒருத்தி, தானே சைக்கிள் மிதித்து ஸ்டேஷனுக்குப் போய், கையில் ஆதாரத்தோடு தன்னைப் பிடித்துக் கொடுத்தாள் என்றால் அதற்கு எவ்வளவு மூளை வேண்டும்!

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலத்தில் நடந்த கதை இது. பாடாங் செராய்க்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பாவும் அம்மாவும் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்ற கட்டடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். சுங்கைப்பட்டாணி கான்வென்டில் படித்து, சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள். மாரியாயி என்ற என் பெயர் வாயில் நுழையாமல் கன்னிகாஸ்திரீகள் ‘மேரி’ என்று கூப்பிட்டார்கள். பரீட்சை தேறிய கையோடு என் தலை கொஞ்சம் கனத்திருந்தது. (கொஞ்சம் என்பது என் கணக்கு. அம்மாவைக் கேட்டால் வேறு சொல்வார்.)

பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா, ஊர் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் மலிவாக ஒரு பெட்டிக் கேமரா வாங்கி எனக்குக் கொடுத்தார். அப்போது பினாங்கில் அச்சான ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் (பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு மறுபடி கோபம் வரும்) வாசகர்கள் எடுத்த படங்களுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அதில் அடிக்கடி ஆகாய விமானப் படங்கள் வரும். ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர், தைப்பிங்கில் ஒரு ரயில்வே குமாஸ்தா என்று சில ஆண்கள், லீவு நாளில் விமானத் திடலுக்குப் போய் எடுத்து அனுப்புவார்கள். எல்லாம் தரையில் நிற்கிற விமானங்கள். முளையில் கட்டிய மாட்டைப் படம் பிடிப்பதில் என்ன சாமர்த்தியம் என்று எனக்கு எரிச்சல். எங்கள் தலைக்கு மேலேயோ நாள் தவறாமல் விமானங்கள் பறந்தன. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளைச் சரணடையச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு ஒன்று போகும். அதையே அச்சடித்த தாளை அள்ளிக் கொட்டிக்கொண்டு இன்னொன்று போகும்.

பறக்கிற விமானத்தைப் பெட்டிக் கேமராவில் எடுத்தால் வானத்தில் கரித்துணி தேய்த்த மாதிரிதான் வரும். இரண்டு சுருள் பிலிமைப் பாழாக்கிய பிறகு விஷயம் பிடிபட்டது. பக்கவாட்டில் போகிறதை எடுக்கக் கூடாது. நேராக நம் முகத்துக்கு எதிரே வருகிறதை எடுக்க வேண்டும், அப்போது ஆட்டம் தெரியாது. வெயில் நம் முதுகில் இருக்க வேண்டும். கேமராவை வயிற்றோடு அழுத்தி, மூச்சை நிறுத்த வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலை, பெரட்டுக் களத்தில் நின்றிருந்தேன். விடியலில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற மைதானம் அது. ஆட்கள் மரம் வெட்டப் போய்விட்டதால் அந்நேரம் காலி என்றுதான் நினைத்தேன். தாள் போடுகிற விமானம் ரப்பர் மரங்களை உரசுகிற உயரத்தில் நேராக என்னைப் பார்த்து வந்தது. அழுத்தினேன். பாடாங் செராயில் அடையாளக் கார்டுக்குப் படம் எடுத்தே பிழைத்துக்கொண்டிருந்த ஸ்டூடியோ பாய், பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, “யா அல்லா, மூக்குல வந்து இடிக்கிற மாதிரி இருக்கே தங்கச்சி!” என்றார்.

படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களுக்குத் தனி விலாசம் கிடையாது. வருகிற கடிதம் எல்லாம் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கைக்குத்தான் வரும். எனவே படத்தின் பின்னால் எல்லோரும் எழுதுகிற மாதிரி, அவர் மேற்பார்வை என்று நானும் எழுதினேன்: ரா. மாரியாயி, மே/பா திரு. குஞ்சிதபாதம், பெரிய கிராணி.

இந்தக் குஞ்சிதபாதம் யார் என்று சொல்ல வேண்டும். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, தலையில் தொப்பி, வெயில் மழை எதுவானாலும் கறுப்புக் குடை. என்னைக் கான்வென்டில் சேர்க்க அப்பா லீவு கேட்டபோது, “மரம் வெட்ற கத்தி இங்கிலீசுலயா வெட்டப் போவுது?” என்று கேட்ட மகான். படம் அச்சாகட்டும், அதுதான் பதில் என்று நான் வைத்திருந்தேன். அப்பாவிடமும் சொல்லியிருந்தேன்.

படம் அச்சானது. அப்பா வேலை முடிந்து பால் வாடையோடு டவுனுக்கு ஓடிப் பத்திரிகையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. “பாப்பா, இதுல ஒம் பேரு எதும்மா? காட்டு” என்று விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

நான் பார்த்தேன். ‘படம்: திரு. குஞ்சிதபாதம், பாடாங் செராய்.’

அப்பாவின் விரல் அப்படியே காற்றில் நின்றது.

பத்திரிகைக்காரனுக்கு முன்னால் இரண்டு பெயர் இருந்தன. ஒன்று பெண் பெயர், ஒன்று ஆண் பெயர். எது படம் எடுத்திருக்கும் என்று அவன் யோசிக்க நேரமே ஆகியிருக்காது. சரி, அவன் முட்டாள். கிராணிக்கு உண்மை தெரியுமே? நேரே ஆபீசுக்குப் போனேன்.

“அது என் படம் ஐயா.”

“இருக்கட்டும்லா. தோட்டத்துக்கே பெருமை. துரையே கைகுடுத்தாரு தெரியுமா?”

“என் பேரப் போட்டிருந்தாலும் தோட்டத்துக்குப் பெருமைதானே?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஏ பிள்ள, பொம்பளப் பேரு பத்திரிகைல வந்தா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? ஒங்கப்பனுக்கு நல்லதுதான் நடந்திருக்கு. போ, போ.”

மறுநாள் பெரட்டில் அவர் படம் எடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் நாள் நின்று எடுத்தார். அடுத்த நாள் மண்டி போட்டு எடுத்தார். வாரக் கடைசியில் மல்லாந்து படுத்து, விமானி கையசைக்க, இவரும் கையசைத்து எடுத்தார். (எந்தக் கையால் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.) அம்மா தினமும் இதைக் கேட்டுவிட்டு வந்து சட்டி பானையைப் போட்டு உடைத்தார்.

அப்புறம்தான் ஜீப் வந்தது.

படத்தில் விமானத்துக்குக் கீழே எங்கள் முள்வேலியும் காவல் கூண்டும் பளிச்சென்று தெரிந்தன. இதையெல்லாம் பத்திரிகையில் போட்டுக் கம்யூனிஸ்டுக்குக் காட்டுவது யார் என்று போலீஸ் கிளம்பிவிட்டது. கிராணியைத் தொப்பியோடும் குடையோடும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் எடுக்கவில்லை என்று அவர் கதறினாராம். தோட்டமே சாட்சி சொன்னது: “பொய் சொல்றாரு ஐயா, மல்லாந்து படுத்து எடுத்தாரு.”

அப்பா கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். “கோயில் மாரியம்மாவாப் பாத்து அந்தாளு பேரப் போட வெச்சிருக்கா. நீ வாயத் தெறக்காத பாப்பா.”

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாக மத்தியானம் வரைக்கும் திறக்கவில்லை. மத்தியானம் கேட்டில் காவல் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் முத்து அண்ணன், ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து சேதி சொன்னார். “இன்ஸ்பெக்டரு அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருக்காருலா. ‘தப்புதான், ஆனா என்னமா எடுத்திருக்கான்யா இந்தக் கிராணி, பெரிய கெட்டிக்காரன்’னு சொல்றாரு.”

கெட்டிக்காரன்!

ஜெயில், அபராதம் எல்லாம் கிராணிக்குப் போகட்டும், அனுபவிக்கட்டும். அந்த ஒரு வார்த்தை போகக் கூடாது. ஸ்டூடியோ பாய் கொடுத்த நெகட்டிவை இடுப்பில் செருகிக்கொண்டு முத்து அண்ணன் சைக்கிளைப் பிடுங்கினேன். “பாப்பா, பாப்பா” என்று அப்பா பின்னாலேயே ஓடி வந்தார்.

இன்ஸ்பெக்டர் கூலிம் ஊர்க்காரர், தமிழ்க் கிறிஸ்தவர். பெஞ்சில் கிராணி நனைந்த கோழியாக உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் படம் எடுத்தது நான்” என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கிராணி பக்கம் திரும்பினார். “ஏன்யா, பழிய ஏத்துக்கச் சொல்லிப் பொம்பளப் பிள்ளைய அனுப்பச் சொன்னியா? வெக்கமா இல்ல?” பிறகு என்னிடம், “நீ வீட்டுக்குப் போம்மா. கேமராவுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரியுமா ஒனக்கு?”

குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் நம்பமாட்டேன் என்கிறார்கள்! இந்த நாட்டில் ஜெயிலுக்குப் போகவும் ஆணாகப் பிறந்து தொலைக்க வேண்டும் போலிருக்கிறது. நெகட்டிவை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“பத்திரிகைல கீழ்ப்பக்கத்த வெட்டிட்டாங்க. முழுசாப் பாருங்க. படம் எடுத்தவரு இங்க எங்க இருக்காருன்னு பாருங்க.”

இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பெரட்டுக் களத்தின் வலது மூலையில், விமானம் போட்ட தாளைக் குண்டு என்று நினைத்து, தொப்பி பறக்க, குடையைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலும் தரையில் படாமல் பாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது ஓர் உருவம். நெகட்டிவில் வெள்ளைச் சட்டை கறுப்பாகவும் கறுப்புக் குடை வெள்ளையாகவும் தெரிந்தாலும், அந்தக் காலுறையும் தொப்பையும் தோட்டத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கிராணி மானம் போய்ச் சுருண்டு விழுவார் என்று காத்திருந்தேன். அவரோ ஒரே துள்ளலில் எழுந்து வந்து நெகட்டிவைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாக, “நான்தான் சார்! ஓடுறது நான்தான்! நல்லாப் பாருங்க சார், சத்தியமா நான்தான்!” என்றார்.

உடனே விட்டுவிட்டார்கள். குடையை எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். வாழ்க்கையில் அவர் எனக்குப் போட்ட ஒரே கும்பிடு.

இன்ஸ்பெக்டர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். “சரி. அப்போ எடுத்தது நீதான்.”

அப்போதுதான் அப்பா மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். என் வாயைப் பார்த்தார். அந்த வாயோ, இன்ஸ்பெக்டர் கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது: எதிரே வருகிறதை ஏன் எடுக்க வேண்டும், வெயில் எந்தப் பக்கம், மூச்சு எப்போது. அவரும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். என் திறமையை அவ்வளவு மரியாதையோடு யாரும் கேட்டதில்லை. அது வாக்குமூலம் என்பது கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது.

பள்ளியில் படித்த பிள்ளை என்று எச்சரித்து அனுப்பினார்கள். கேமராவை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள், திருப்பித் தரவில்லை. நெகட்டிவும் போனது. அந்தப் படம் என்னுடையது என்று காட்ட என்னிடமிருந்த ஒரே சாட்சியை, நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். தோட்டத்துத் துரை அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டினார். திரும்பி வரும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்த இன்ஸ்பெக்டரு ஒம் பேரத் தப்பில்லாம எழுதினாராம்மா?” எழுதினார் என்றேன். தலையாட்டினார்.

கோபம் அதோடு தீர்ந்ததா? பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். படித்தவர்கள் நடத்தும் பத்திரிகையில் இப்படியா, பெண் என்றால் கண் இல்லையா, கை இல்லையா என்று பேனா முனை ஒடிய எழுதினேன். அவர்களும் மனம் வருந்தி அடுத்த இதழிலேயே கட்டம் கட்டித் திருத்தம் போட்டார்கள்:

‘முன்பு வெளிவந்த ஆகாய விமானப் படத்தை எடுத்தவர் திரு. மாரியாயி அவர்கள். தவறுக்கு வருந்துகிறோம்.’

அம்மா அழுதார். சித்தப்பா சிரித்தார். தோட்டம் முழுவதும் சிரித்தது. கல்யாணமாகி நான் சுங்கைப்பட்டாணிக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. தபால்காரர் மணி அடித்தால் என் கணவர் உள்ளே பார்த்து, “திருவாளர் மாரியாயி, வெளிய வாங்கலா” என்று குரல் கொடுப்பார். நாத்தனார் கல்யாணப் பத்திரிகையில் வேண்டுமென்றே அப்படி அச்சடித்தார்கள். வரவேற்பு மேடையில் ஒருவர் எனக்கு மாலைக்குப் பதில் துண்டு போட வந்தார்.

எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. இந்தக் கட்டுரையை அனுப்பும் உறையின் மேல், விலாசத்தைவிடப் பெரிய எழுத்தில், சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: எழுதியது ஒரு பெண், விமானத்தைப் படம் எடுத்தவளும் அவளே. ‘திரு’ போட்டால் நேரில் வருவேன்.