அசிட்டோன் தின்ற மாப்பிள்ளை பெயர்

விதி தெரியாதவன் செய்யும் தவறு சின்னதாக இருக்கும். விதி தெரிந்தவன் செய்வதுதான் நாலு ஊருக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

நான் வேலையில் இருந்தபோது நடந்தது. என் மகள் தேன்மொழிக்கு பெரம்பலூர் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கதிரவன், ஜெயங்கொண்டத்துக்காரர், தங்கமான பிள்ளை. அவர் அப்பாதான் சகுனம் பார்ப்பவர். பெண் பார்க்கக் கிளம்பிய அன்று, அரியலூரில் பூனை குறுக்கே போனது என்று காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். (பூனைக்கும் அன்று ஏதாவது நல்ல காரியம் இருந்திருக்கலாம்.) மறுபடி வர ஒன்றரை மாதம் ஆயிற்று.

மேடையில் நீலத் துணி, அதில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய இரண்டு பெயர்கள். மாப்பிள்ளை வீட்டு வேன் அரியலூரைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. அந்த நேரம் பார்த்து என் தங்கை, திறந்த நெயில் பாலிஷும் கையுமாக மேடையேறி அழகு பார்த்தாள். 'கதிரவன்' பெயரின் முதல் எழுத்தில் சிவப்பாக ஒரு தீற்றல். பார்க்க ரத்தமேதான்.

"அய்யய்யோ அண்ணே! சம்பந்தி பாத்தா வேனத் திருப்பிருவாரே!"

நான் பதறவில்லை. மணப்பெண் அலங்காரத்துக்கு வந்த பெண்ணிடம், நெயில் பாலிஷை அழிக்கும் அசிட்டோன் பாட்டிலை வாங்கினேன்.

மேடை அலங்காரம் செய்த செல்வி ஓடி வந்தாள். "சார், அது பட்டா தெர்மாகோல் போயிடும் சார்."

"நீ எத்தனாவதும்மா படிச்சிருக்க?"

"பத்தாவது."

"அதான். இது பதினொன்னாவது பாடம். அசிட்டோன்ல ஆக்சிஜன் எலக்ட்ரான தன் பக்கம் இழுத்துக்கும். அந்த முனை கொஞ்சம் நெகட்டிவ், கார்பன் பக்கம் கொஞ்சம் பாசிட்டிவ். ஒரு மூலக்கூறோட பாசிட்டிவ் முனை, பக்கத்து மூலக்கூறோட நெகட்டிவ் முனையப் புடிச்சுக்கும். இருமுனை விசைன்னு பேரு. தெர்மாகோல்ல அந்த மாதிரி முனையே கிடையாது. ஒண்ணோட ஒண்ணு சேராது."

"சேருமா சேராதான்னு எனக்குத் தெரியாது சார். போன மாசம் அரும்பாவூர்ல நான் செஞ்ச தெர்மாகோல் மயிலே இதுல போச்சு."

மயிலின் சாட்சியத்தை நான் ஏற்கவில்லை. ஜன்னல்களைத் திறந்தேன். எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் குத்துவிளக்கை அப்புறப்படுத்தினேன். கையுறை போட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும் நடைமுறையை மட்டும் விட்டுவிட்டேன். (அதை விட்ட மாணவர்களுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தவன் நான்.)

பஞ்சை வைத்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். நெயில் பாலிஷ் போயிற்று, அதோடு எழுத்தும் போயிற்று. பதறியதில் பாட்டில் எகிறி மீதி நாலு எழுத்தையும் நனைத்தது. கதிரவன் என் கண்ணெதிரே சுருங்கிப் பிசினாக வழிந்தார்.

பிறகுதான் நினைவு வந்தது. அசிட்டோனில் ஆக்சிஜன் மட்டுமா இருக்கிறது? இருபுறமும் முனைவில்லாத இரண்டு மெத்தில் தொகுதிகளும் இருக்கின்றன. அது எல்லோரிடமும் கலக்கும் ரகம். முனைவுத்தன்மையை ஒப்பிட்டுப் பட்டியல் போட்ட எனக்கு அது தெரியவில்லை, மயிலைப் பறிகொடுத்த செல்விக்குத் தெரிந்திருந்தது.

வாசலில் வேன் சத்தம். செல்வி பிசினைச் சுரண்டி எறிந்தாள், மாப்பிள்ளை நாற்காலியை இழுத்து அந்தக் காலியிடத்துக்கு நேர் முன்னால் போட்டாள். முதலில் மேடையேறிய கதிரவனை அதில் அமர்த்தினாள்.

"தம்பி, என்ன ஆனாலும் எந்திரிக்காதீங்க."

"ஏங்க்கா?"

"எந்திரிச்சா உங்களுக்குப் பேரு கிடையாது."

சம்பந்தி வந்தார், நிமிர்ந்து பார்த்தார். "எம் பையன் பேரக் காணமே?"

செல்விதான் பேசினாள். "இப்ப இதாங்கய்யா பேஷன். பொண்ணுக்குப் பேரு, மாப்பிள்ளைக்கு ஆளே."

அவர் தோள் துண்டைச் சரிசெய்தார். "பேரு எதுக்கு? எம் புள்ள மொகம் போதாதா!"

தட்டு மாற்றினார்கள். மூன்று மணி நேரம் கதிரவன் அசையவில்லை. பந்திக்கும் அவர் எழவில்லை, சாப்பாட்டு இலைதான் மேடைக்குப் போயிற்று.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்திருப்பவரிடம் என் மகள், "குப்பையக் கொட்டிட்டு வாங்க" என்பாள். மாப்பிள்ளை அசையமாட்டார். "எந்திரிச்சா பேரு போயிடும்மா. ஒங்கப்பாவக் கேளு."

குப்பை வாளியை நான்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.