ரப்பரில் எண்ணெய் வைத்தவன்

ஏம்பலத்திலிருந்து பாகூர் வரை வாஷரிடம் திட்டு வாங்காத ஆண்பிள்ளை ஒருவனும் கிடையாது. வாங்கவில்லை என்று எவனாவது சொன்னால், அவன் நிலத்தில் மோட்டாரே இல்லை என்று அர்த்தம். வாஷர் என்பது பம்புசெட் மெக்கானிக் ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர். எதைத் திறந்தாலும் "வாஷர் பூட்ச்சி" என்பார். பிறகு நம் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். மனுஷனா அது? வாயைத் திறந்தால் சாக்கடை.

எனக்கு அப்போது வேறு கவலை. முதல் பிரசவத்தில் என் மனைவி செத்துப் பிழைத்தது ஊருக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கு அடுத்தது கூடாது, உயிருக்கு ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி, ஆணுறைப் பொட்டலத்தை நீட்டினார். ஒரு வார்த்தை கேட்காமல் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடிவந்த மகா தைரியசாலி நான். போட்டால் அவளுக்கு எரிச்சல், வலி. என் சொந்த மூளையைப் பயன்படுத்தித் தேங்காய் எண்ணெய் தடவினேன். எரிச்சல் நின்றது. இரண்டாம் வாரம் உறை கிழிந்தது. அந்த மாதம் அவளுக்குத் தீட்டு வரும்வரை இருவருக்கும் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, வந்தது.

மறுநாள் மோட்டார் நின்றுபோனது. வாஷர் வந்து திறந்தார். உப்பிக் கிழிந்த ரப்பர் வாஷரை என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"எவன்டா இதுல எண்ணெ வெச்சது?"

"நான்தான்ணே. டைட்டா இருந்திச்சி..."

"ரப்பர்ல எண்ணெ வெச்சா ஊறிப்போயி கிழியும்டா, அறிவு கெட்டவனே!"

எனக்கு முகம் வெளுத்துவிட்டது. "எல்லா ரப்பருமாண்ணே?" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அட நாசமா போறவனே, அதுலயுமா வெச்ச? எண்ணெ வெச்சாலும் கிழியும், காஞ்சி ஓட்டினாலும் கிழியும். கெணத்துக்குள்ள எறக்குற மோட்டாரு தண்ணியிலதான வழுக்கிக்கினு ஓடுது? அதுமாதிரி தண்ணியில கரையிற ஜெல்லு மெடிக்கல்ல விக்கிறான். போயி கேளுடா!"

"கேக்க ஒருமாதிரியா இருக்குதுண்ணே."

"பொண்டாட்டி செத்தா ஒருமாதிரியா இருக்காதா?"

வண்டியை எடுத்துக்கொண்டு அவரே வில்லியனூர் போனார். கடையில் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுக் கேட்டு வாங்கிவந்து என்மேல் வீசினார்.

அதன்பிறகு ஒன்றுகூடக் கிழியவில்லை. அதைவிட, என் மனைவி முகம் சுளிக்காமல் சிரித்தாள். "இத மொதல்லயே கேட்டா இன்னாவாம் ஒனக்கு?" என்று ஒரு குத்தும் விட்டாள்.

நாலு வருஷம் கழித்து, டாக்டரம்மா சரி என்ற பிறகே மகள் பிறந்தாள். இனிப்போடு வாஷரிடம் போனேன்.

"வூட்ல எப்பிடி இருக்கு?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கண்ணே."

அன்றைக்கு மட்டும் திட்டவில்லை. கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார், மூஞ்சியெல்லாம் கறுப்பு. அந்த மூஞ்சி எனக்கு அவ்வளவு பிடிக்கும்.