குறித்த காலத்தில் ஆய்வை முடித்த ஆடு

ஒரு காட்டில் புலிகளின் அரசாட்சி ஒழிந்து, அதே இடத்தில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. யார் யாரை வேண்டுமானாலும் தின்னலாம், ஆனால் கழுத்தில் மாணவர் அடையாள அட்டை தொங்கும் விலங்கை மட்டும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அன்று முதல் முயல், மான், காட்டுக்கோழி என்று எளிய பிராணிகளுக்கெல்லாம் திடீரென்று உயர்கல்வியில் ஆர்வம் பிறந்தது.

அப்படிச் சேர்ந்த கூட்டத்தில் மரகதவல்லி என்ற வெள்ளாடும் ஒன்று. மற்றவை உயிருக்குப் பயந்து சேர்ந்தன. மரகதவல்லி படிக்கச் சேர்ந்தது. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

அது எடுத்துக்கொண்ட பொருள், புலியாட்சிக் காலத்து அலங்கார இலக்கியம். அயல்தேசத்துக் காடுகளில் இந்த மாதிரி எழுத்தைப் பரோக் என்கிறார்கள். ஓர் இலையைச் சொல்ல வந்தால் அதன் நரம்பைச் சொல்லி, நரம்புக்கு ஓர் உவமை சொல்லி, உவமைக்கு நகை நட்டெல்லாம் பூட்டி, கடைசியில் இலை எங்கே என்று படிப்பவரைத் தேடவிடுகிற எழுத்து. அந்தக் காலத்தில் நெடுங்கொம்புக் கவிராயர் என்ற ஆடு, புலி மன்னரின் வாலைப் பற்றி ‘வாலழகு மாலை’ என்று மூவாயிரத்து இருநூறு பாட்டுப் பாடியிருந்தது. அத்தனை பாட்டிலும் வால் பாதிதான் வந்திருந்தது.

‘வாலழகு மாலையில் பரோக் கூறுகளும் அவற்றின் பண்பாட்டுப் பின்புலமும்: ஓர் ஆய்வு’ என்று மரகதவல்லி தலைப்பு வைத்தது. ஆய்வுதானா என்று யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று ‘ஓர் ஆய்வு’ சேர்ப்பது நம் ஆய்வுலக வழக்கம்.

நெறியாளர் உடும்புப் பேராசிரியர் திருமேனி. இருபத்தெட்டு ஆண்டுப் பணியில் ஒரு மாணவரைக்கூட முடிக்கவைக்காதவர். அவருடைய முதல் மாணவனான பெருமாள்சாமி என்ற ஆமை இருபத்தாறு வருஷமாக முன்னுரை எழுதிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் நீட்டிப்புப் படிவத்தில் ‘அடிக்குறிப்புகள் சரிபார்க்கப்படுகின்றன’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடும். சோம்பேறி என்று மரகதவல்லி அதை மனசுக்குள் திட்டியது.

கவிராயர் ஏன் இப்படி வளைத்து வளைத்து எழுதினார் என்பதுதான் கேள்வி. அந்த யுகத்தின் பெருமிதம் என்றார் ஒரு கரடி அறிஞர். அரசவையின் ஆடம்பரம் வரிகளில் வழிகிறது என்றார் இன்னொருவர். கவிராயருக்கு வேறு வேலை இல்லை என்று யாரும் எழுதவில்லை, அப்படி எழுதினால் கட்டுரை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

மரகதவல்லி சுவடிக்கூடத்திலேயே கிடந்தது. அதற்கு முன் அந்தச் சுவடிகளை ஆழ்ந்து படித்தவை கரையான்கள் மட்டும்தான். நான்காம் வருஷம், ஓர் ஏட்டைத் திருப்பியபோது பின்பக்கத்தில் அரண்மனைச் சமையற்கட்டின் குறிப்பு தென்பட்டது. வெள்ளிக்கிழமை மான். சனிக்கிழமை பன்றி. கவிராயர், பாட்டு முடிந்ததும்.

மரகதவல்லி அதை மூன்று தடவை படித்தது. பிறகு அழுதது. ஒவ்வோர் உவமையும் ஒரு வேளை ஆயுள், ஒவ்வோர் அடைமொழியும் இன்னொரு மூச்சு. வாலின் நுனிக்கு வந்துவிட்டால் இலை போட்டுவிடுவார்கள் என்று தெரிந்துதான் அந்த ஜீவன் பாதி வாலில் நின்று பாடிக்கொண்டே இருந்திருக்கிறது. அழுது முடித்ததும் ‘அலங்காரத்தின் பண்பாட்டுப் பின்புலம் அச்சமே’ என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டது. பெருமை தாங்கவில்லை.

ஐந்தே வருஷத்தில் ஆய்வேடு தயார். காட்டில் இது முதல் தடவை. பெருமாள்சாமி செய்தி கேட்டு, தன் வேகத்தில் ஓடிவந்தது.

“மரகதம், உன் அட்டையைத் திருப்பிப் பார்த்தியா? பட்டம் வாங்கினா அதை ஒப்படைச்சிடணும்.”

“தெரியும் அண்ணே. படிவமெல்லாம் பூர்த்தி பண்ணிட்டேன்.”

“கடைசி இயலை மட்டும் நிறுத்தி வையேன். ஒரு பத்து வருஷம்.”

தன்னால் முடியாததை இன்னொருத்தர் முடித்தால் வருகிற வயிற்றெரிச்சல் என்று மரகதவல்லி நினைத்துக்கொண்டது. நெறியாளருக்கோ தலைகால் புரியவில்லை. ஒரு மாணவராவது முடித்தால்தான் பதவி உயர்வு. பொது வாய்மொழித் தேர்வுக்கு அவரே நாள் குறித்துவிட்டார்.

வெளித்தேர்வாளராக வந்தவர் பக்கத்துக் காட்டுச் சிறுத்தை, முனைவர் புள்ளியப்பன். பரோக் இலக்கியத்தில் கரைகண்டவர், ஆய்வேட்டை முழுசாகப் படித்துவிட்டு வந்த அபூர்வமான தேர்வாளர். வாய்மொழித் தேர்வன்று எல்லாருக்கும் மதியச் சாப்பாடு மாணவர் பொறுப்பு என்பது எழுதாத விதி. மரகதவல்லி பொன்னாடை, மாலை, பழத்தட்டு எல்லாம் வாங்கி, தனக்குப் பிடித்த பலா இலையையே வந்தவர்களுக்கும் நிறையச் சொல்லி வைத்திருந்தது.

ஒன்றரை மணி நேரம் பேசியது. கவிராயரின் பயத்தை வரிவரியாக விளக்கியபோது கூட்டம் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. சிறுத்தையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நல்ல ரசிகர்தான், அதில் சந்தேகமில்லை.

“அருமைம்மா. ஒரே ஒரு கேள்வி. கவிராயர் பாட்டை முடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“அன்னைக்கே புலி தின்னிருக்கும் ஐயா. ஆய்வேட்டில் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.”

“உறுதியா?”

“சான்றுகளோட நிறுவியிருக்கேன் ஐயா.”

சிறுத்தையார் ஆய்வேட்டை மூடி வைத்தார். சில திருத்தங்கள் உண்டு, வேண்டுமானால் மூன்று வருஷம் அவகாசம் தரலாம், யோசித்துச் சொல்லலாம் என்றார். பின்வரிசையில் ஆமை கெஞ்சுகிற மாதிரி தலையை ஆட்டியது. மரகதவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது. என் ஆய்வில் திருத்தமா, ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை, இன்றைக்கே முடிவு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது.

“சரி, அப்ப முடிச்சிடலாமா?”

“முடிச்சிடலாம் ஐயா.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. உடும்பார் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கி, நிலுவை ஏதுமில்லை என்று கையெழுத்துப் போட்டார். முனைவர் மரகதவல்லி கண்ணீரோடு சிரித்தார். முதன்முதலில் அருகே வந்து வாழ்த்தியவர் வெளித்தேர்வாளர்தான். பலா இலையை யாரும் தொடவில்லை.

நீதி: எடுத்த பொருளைப் புரிந்துகொண்டவருக்குப் பட்டம் கிடைக்கும்; புரியாதவருக்கு நீட்டிப்புக் கிடைக்கும். இக்கதையை எழுதியவர் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.